ஊரில் காத்திருந்தவர்கள்
தோப்பில் முகம்மது மீரானின் நாவல்களும் நம் குடும்ப வரலாறும்

நம் சங்கத்தின் பொன்விழா மலருக்கு வரலாற்றுப் பகுதியைத் தயாரிக்கும் பொறுப்பு எங்களிடம் ஒப்படைக்கப்பட்டபோது, முதலில் பழைய கூட்டக் குறிப்பேடுகளைத்தான் எடுத்துப் பார்த்தோம். தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் பெயர்கள் இருந்தன. கட்டட நிதிக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியல் இருந்தது. மீலாது விழாக்களுக்கு வந்த பேச்சாளர்கள், நோன்புக் கஞ்சிக்கு வாங்கிய அரிசி மூட்டைகள், பிள்ளைகளுக்கு வழங்கிய கல்வி உதவித் தொகை என எல்லாமே ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன.

ஒரு பக்கத்தில் மட்டும் எங்கள் கண் நின்றது. "ஊர் போகும் ஒரு சகோதரிக்கு உதவி: 60 வெள்ளி." அவ்வளவுதான். அந்தச் சகோதரி யார், ஏன் ஊர் போனார், திரும்பி வந்தாரா என்ற விவரம் எதுவும் இல்லை. அன்றைய செயலாளர் அவர் மானத்தைக் காக்கவே பெயரை விட்டிருக்கிறார். அது நல்ல பண்பே. ஆனாலும் 50 ஆண்டு வரலாறு எழுத உட்கார்ந்த எங்களுக்கு ஒன்று புரிந்தது. சங்கத்தின் வரலாறு குறிப்பேட்டில் இருக்கிறது. குடும்பங்களின் வரலாறு அதில் இல்லை.

அது எங்கே இருக்கிறது என்று தேடியபோது நினைவுக்கு வந்தவர் மர்ஹூம் தோப்பில் முகம்மது மீரான் அவர்கள். அவருடைய நாவல்களைப் பற்றிச் சில செய்திகளை நம் இளைய தலைமுறையினர் அறிந்துகொள்வது நல்லது என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அரச குமாரர்களிலிருந்து சாமானியர் வரை

தமிழ் முஸ்லிம்களின் புனைகதை வரலாறு நெடியது. இலங்கை அறிஞர் மு. கா. சித்திலெப்பை அவர்கள் 1885-இல் 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலை வெளியிட்டார். தமிழில் வெளிவந்த தொடக்ககால நாவல்களுள் அதுவும் ஒன்று. அதன் நாயகன் எகிப்து நாட்டு உயர்குடியில் பிறந்தவன். குழந்தைப் பருவத்தில் கடத்தப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, பல சாகசங்களுக்குப் பின் தன் குடும்பத்தோடு சேர்கிறான்.

நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் 1938-இல் 'காதலா? கடமையா?' என்ற நாவலை எழுதினார். ஒரு முஸ்லிம் பெண்மணி நாவல் எழுதியது அக்காலத்தில் பெரிய செய்தி. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் அவர்களே அதைப் பாராட்டி எழுதினார். அந்தக் கதையும் அரண்மனையைச் சுற்றி நடப்பதுதான்.

நம் சிங்கையும் இதில் பின்தங்கவில்லை. 1887-இல் தொடங்கிய 'சிங்கை நேசன்' இதழின் ஆசிரியர் சி. கு. மகுதூம் சாயபு அவர்கள், மறு ஆண்டு எழுதிய 'விநோத சம்பாஷணை' இந்நாட்டுத் தமிழ்ப் புனைகதைக்கு முன்னோடியாக மதிக்கப்படுகிறது.

இந்த முன்னோர்கள் போட்ட பாதையில், பள்ளிவாசல் லெப்பையும் கருவாட்டு வியாபாரியும் வீட்டு அடுக்களையில் நிற்கும் உம்மாவும் நாவலின் நடு இடத்துக்கு வர வெகுகாலம் ஆயிற்று. அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவர்களுள் முதன்மையானவர் தோப்பில் முகம்மது மீரான்.

மிளகாய் வற்றல் வியாபாரி

அவர் 1944-இல் தேங்காய்ப்பட்டினத்தில் பிறந்தார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள அந்தக் கடற்கரை ஊர் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956-இல்தான் அப்பகுதி தமிழகத்தோடு இணைந்தது. அதனால் அவர் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழில் கதை எழுதத் தொடங்கியபோது மலையாள எழுத்தில் எழுதி, பிறர் உதவியோடு அதைத் தமிழ் எழுத்துக்கு மாற்றினார். ஊரார் பேசும் பேச்சை அப்படியே எழுதினார். மலையாளமும் அரபுச் சொற்களும் கலந்த அந்தத் தமிழைப் படிக்க நமக்கு முதல் 20 பக்கங்கள் சற்றுச் சிரமமாக இருக்கும். பிறகு அது நம் வீட்டுப் பேச்சுப் போலவே ஆகிவிடும்.

எழுத்து அவருக்குத் தொழிலாக இருக்கவில்லை. திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்துகொண்டே எழுதினார். இதைப் படிக்கும்போது நம் வீடுகளில் பலருக்கு ஒரு நினைவு வரக்கூடும். அதே திருநெல்வேலிச் சீமையின் கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் சிங்கைக்கு வந்து தஞ்சோங் பகார் பக்கம் குடியேறிய குடும்பங்களில், நம் பாட்டிமார் மிளகாயும் மஞ்சளும் மல்லியும் அம்மியில் அரைத்துச் சந்தையில் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார்கள்.

முதலாளியும் சுறாப்பீலி வியாபாரியும்

அவருடைய முதல் நாவல் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து 1988-இல் நூலாயிற்று. விடுதலைக்கு முந்தைய காலத்தில் ஒரு மஹல்லாவில் நடக்கும் கதை. வடக்கு வீட்டு அகமதுகண்ணு முதலாளி அந்த ஊருக்கு மன்னர் மாதிரி. பள்ளிவாசல் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. அவர் வரும்போது மற்றவர் எழுந்து நிற்க வேண்டும். அவரை எதிர்த்து நிற்கும் ஒரே மனிதர் சுறாப்பீலி வியாபாரம் செய்யும் மஹ்மூது. பணமில்லை, குடும்பப் பெருமையில்லை. முதலாளிக்கும் தனக்கும் அல்லாஹ் ஒருவன்தான் என்ற துணிவு மட்டும் உண்டு.

அந்த ஊருக்கு ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருகிறது. அதை நடத்த மெஹபூப்கான் என்ற ஆசிரியர் வருகிறார். ஆங்கிலம் படித்தால் ஈமான் போய்விடும் என்று ஊர் மிரள்கிறது. அந்தப் பயத்தால் யாருக்கு லாபம் என்பதை நாவல் மெல்ல மெல்லக் காட்டுகிறது. முதலாளியின் மகள் ஆயிஷாவின் கதை இன்னும் வேதனையானது. குடும்ப அந்தஸ்தை மட்டும் பார்த்து, மனநலம் குன்றிய ஒருவனுக்கு அவளை மணமுடிக்கிறார் தந்தை. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் வாழ்வு அதோடு அழிகிறது. முதலாளியும் அதோடு சரிகிறார்.

சிங்கை முஸ்லிம்கள் கல்விக்குப் பட்டபாட்டை அறிந்தவர்களுக்கு அந்தப் பள்ளிக்கூடக் கதையின் அருமை புரியும். அன்றாடக் கூலியில் வாழ்ந்த கடையநல்லூர் மக்கள்தான் 1946-இல் இங்கே உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியை எழுப்பினார்கள்.

கடலுக்கு அக்கரையில் வந்த கடிதம்

1991-இல் வெளிவந்த 'துறைமுகம்' நாவல் நம்மை இன்னும் நெருங்கி வருகிறது. அந்த ஊரார் கருவாட்டைக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து வரும் கடிதத்துக்காக ஊரே காத்திருக்கிறது. கடிதம் வந்தால் விலை வீழ்ந்துவிட்டது என்று எழுதியிருக்கும். அது மெய்யா பொய்யா என்று சோதித்துப் பார்க்கக் கரையில் இருப்பவர்களுக்கு வழியில்லை. கடனுக்கு மேல் கடன் ஏறிக் குடும்பங்கள் நொடித்துப் போகின்றன.

இந்த நாவலை நாங்கள் படித்தபோது எங்களுக்கு உறைத்தது வேறு. கடலுக்கு இக்கரையில் இருந்து கடிதம் எழுதியவர்கள் நம் முன்னோர்கள். அவர்கள் பட்ட கஷ்டத்தைப் பற்றி நாம் விழாதோறும் பேசுகிறோம். ஐந்தடியில் படுத்தது, மூட்டை தூக்கியது, கடைத் திண்ணையில் உறங்கியது எல்லாம் நமக்கு மனப்பாடம். அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்க ஆள் தேடி அலைந்த உம்மாவைப் பற்றி நாம் பேசியதில்லை. இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கப்பலில் வந்து போன கணவரின் முகத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த மனைவியைப் பற்றி எழுதியதில்லை. வாப்பா என்று அழைத்த வீடுகளிலும் அத்தா என்று அழைத்த வீடுகளிலும், அந்தச் சொல்லைக் கூப்பிட ஆள் இல்லாமலே வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். பின்னர் மனைவி மக்களையும் அழைத்துக்கொண்ட குடும்பங்கள் பாக்கியம் பெற்றவை. எல்லாருக்கும் அது வாய்க்கவில்லை.

சாய்வு நாற்காலி

1997-இல் அவருக்குச் சாகித்திய அகாதமி விருதைப் பெற்றுத் தந்த நாவல் 'சாய்வு நாற்காலி'. சவ்தா மன்ஸில் என்ற பழம்பெரும் வீட்டின் வாரிசு முஸ்தபாக்கண்ணு. உழைக்க மாட்டார். முன்னோர் விட்டுப்போன சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு பரம்பரைப் பெருமை பேசுவார். பசி வந்தால் வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்பார். மனைவி மரியம் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு அந்த வீட்டைத் தாங்குகிறார். வெளியே இருப்பவர்களுக்கு வீட்டின் வாசல் மட்டுமே தெரியும். உள்ளே கேட்ட அழுகையை நாவல்தான் நமக்குச் சொல்கிறது.

பொன்விழாக் காலத்தில் இந்த நாவலைப் படிப்பது மிகவும் பொருத்தம் என்று நினைக்கிறோம். சங்கங்களும் சில வேளை சாய்வு நாற்காலியில் அமர்ந்துவிடுவதுண்டு.

குறைகளை எழுதலாமா?

நம் சமுதாயத்தின் குறைகளை இப்படிப் பிறர் அறிய எழுதலாமா என்று கேட்போர் உண்டு. மலர்க் குழுவிலேயே அந்தக் கேள்வி எழுந்தது. நம் குறிப்பேடுகளில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒன்றும் எழுதப்படவில்லை. அப்போது சங்கம் இரண்டாகப் பிரிந்து நின்றது என்பதும், ஒரு பந்தியில் உண்டவர்கள் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போகாமல் இருந்தார்கள் என்பதும் மூத்தவர்களுக்குத் தெரியும். அதை இம்மலரில் குறிப்பிட வேண்டுமா, வேண்டாமா என்று நீண்ட நேரம் பேசினோம்.

யாரையும் குற்றம் சொல்லாமல், நடந்தது நடந்தது என்று குறிப்பிடுவதென முடிவு செய்தோம். அந்தத் துணிவை எங்களுக்குத் தந்தவை இந்த நாவல்கள்தாம். மீரான் அவர்கள் தம் ஊரை வெளியில் நின்று ஏளனம் செய்யவில்லை. உள்ளே இருந்துகொண்டு, அவர்களுள் ஒருவராக எழுதினார். முதலாளி விழும்போதுகூட நமக்கு மகிழ்ச்சி வருவதில்லை, இரக்கமே வருகிறது. பழிப்பதற்காகக் குறை சொல்வது வேறு. பாசத்தோடு உண்மையைச் சொல்வது வேறு. பின்னதைச் செய்யாவிட்டால் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்வது பெயர்ப் பட்டியல் மட்டுமே.

ஒரு வேண்டுகோள்

தோப்பில் முகம்மது மீரான் அவர்கள் 2019-ஆம் ஆண்டு மே மாதம் இறையடி சேர்ந்தார். அவர் பிறந்த ஊரின் உம்மாக்களும் லெப்பைகளும் வியாபாரிகளும் அவர் நூல்களில் இருக்கிறார்கள். நம் வீட்டு உம்மாக்களை எழுத அவர் வரப்போவதில்லை. நாம்தான் எழுத வேண்டும்.

எல்லாரும் நாவலாசிரியராக வேண்டியதில்லை. வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்கள் அருகில் அமர்ந்து கேளுங்கள். எந்த ஆண்டு கப்பலேறினார்கள், ஊரில் யாரை விட்டுவிட்டு வந்தார்கள், கடிதம் வராத மாதங்களில் அடுப்பு எப்படி எரிந்தது என்று கேளுங்கள். அவர்கள் பேசும் பேச்சிலேயே எழுதி வையுங்கள். பழைய கடிதங்கள் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். அவற்றைப் படியெடுத்துப் பாதுகாக்கச் சங்கம் ஏற்பாடு செய்யும், இன்ஷா அல்லாஹ்.

60 வெள்ளி வாங்கிக்கொண்டு ஊர் போன அந்தச் சகோதரியின் மக்களோ பேரமக்களோ இம்மலரைப் படிக்கக்கூடும். அவர்கள் நம்மோடு பகிர்ந்துகொள்ள விரும்பினால், நூற்றாண்டு மலரில் அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் அவர் வாழ்க்கையும் இடம்பெறும். அந்த மலரை எழுதப்போகிறவர்கள் இன்று நம் மதரஸாவில் அலிஃப், பா ஓதிக்கொண்டிருக்கும் பிள்ளைகள்தான். அவர்களுக்காகவேனும் சொல்லி வைப்போம். வஸ்ஸலாம்.