பன்றி பேசும் பாஷை

தாமிரபரணித் தீரத்தைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் கொற்கை முத்தைப் பாராட்டுவார்கள். பொதிகைச் சந்தனத்தைப் புகழ்வார்கள். காட்டுப்பன்றிக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியவரை நான் பார்த்ததில்லை. பாண்டியர் வந்தார்கள், நாயக்கர் வந்தார்கள், பாளையக்காரரும் கும்பினியாரும் வந்தார்கள். எல்லோரும் வரி வாங்கிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். இரவில் மலையிலிருந்து இறங்கி வந்து வரி வாங்கும் பன்றி மாத்திரம் இன்னும் போகவில்லை.

பழந்தமிழர் அதை இளப்பமாக நினைத்தவர்கள் அல்லர். யானைக்கு உரிய 'களிறு' என்ற பெயர் ஆண் பன்றிக்கும் பொருந்தும் என்கிறார் தொல்காப்பியர். தாய் இழந்த பன்னிரண்டு பன்றிக் குட்டிகளுக்குச் சிவபெருமானே தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுத்ததாகவும், அவை வளர்ந்து பாண்டியனுக்கு மந்திரிகளானதாகவும் திருவிளையாடற் புராணம் கூறுகிறது. நற்றிணையின் 98-ஆம் பாட்டைப் பாடியவரோ உக்கிரப்பெருவழுதி என்ற பாண்டியர். தினைப்புனத்துக்குள் நுழையப்போன பன்றி பல்லி சொன்ன சகுனம் கேட்டு மெல்லப் பின்வாங்குவதை அதில் காட்டுகிறார். பன்றியின் தயக்கத்தை அரசர் நன்றாகத்தான் கவனித்திருக்கிறார். ஆனால் அதற்குக் காரணம் தேடியபோது காதைப் பிடித்துக்கொண்டார், மூக்கை விட்டுவிட்டார்.

நம் விவசாயிகளும் இரண்டாயிரம் வருஷமாக அதையே செய்துவந்தார்கள். பரண் கட்டினார்கள், தப்பட்டை அடித்தார்கள், கவண்கல் வீசினார்கள், தீப்பந்தம் காட்டினார்கள், வேட்டுப் போட்டார்கள். இப்போது வயலைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டுகிறார்கள். எல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் செய்கிற உபசாரங்கள். "வேட்டுப் போட்டா நாலு நாளைக்கு ஒதுங்கும். அஞ்சாம் நாள் அதுக்கு விஷயம் தெரிஞ்சு போகும், அண்ணாச்சி!" என்றார் பாபநாசத்துப் பக்கத்து வாழை விவசாயி ஒருவர்.

பன்றிக்குக் கண் மந்தம். அதன் உலகம் மூக்கில் இருக்கிறது. முன்னங்கால் மூட்டருகிலும், கண்ணருகிலும், மோவாயிலும், கோரைப்பல்லின் பக்கத்திலும் அதற்கு வாசனைச் சுரப்பிகள் உண்டு. ஆணின் அடிவயிற்றில் வாசனைக்கென்றே ஒரு பையும் உண்டு. சேற்றில் புரண்ட பன்றி மரத்தில் உடம்பைத் தேய்ப்பது அரிப்புக்காக மட்டும் என்று நாம் நினைக்கிறோம். அதற்கு அந்த மரம் தபாலாபீஸ். வந்தது ஆணா பெண்ணா, தன் கூட்டமா அயல் கூட்டமா, எப்போது போனது என்பதெல்லாம் அடுத்து வரும் பன்றிக்கு அங்கே தெரிந்துவிடும்.

இந்தக் கடிதத்தின் மையைச் சோதித்துப் பார்த்தவர்கள் ஸ்விட்ஸர்லாந்துக்காரர்கள். கஸ்தூரி, புனுகு ஆகியவற்றின் ரசாயன ரகசியத்தைக் கண்டறிந்த ருஸிக்கா, பிரெலாக் என்பவருடன் சேர்ந்து 1944-இல் பன்றியின் விதையிலிருந்து இரண்டு பொருள்களைப் பிரித்தெடுத்தார். அவற்றில் கஸ்தூரி மணம் வீசியதாம்! அதே குடும்பத்துப் பொருள் ஒன்று ஆண் பன்றியின் வாய் நுரையிலும் இருக்கிறது. பருவத்தில் இருக்கும் பெண் பன்றி அதை மோந்ததும் அசையாமல் நின்றுவிடும். இப்படி ஒரு பிராணி தன் இனத்துக்கு விடுக்கும் ரசாயனச் செய்திக்குப் 'ஃபெரோமோன்' என்று 1959-இல் பெயர் சூட்டினார்கள். மனிதரில் சிலருக்கு அந்த நுரைப் பொருளின் வாசனை தெரிவதே இல்லை, சிலருக்கு மூத்திர நாற்றம், சிலருக்கு நறுமணம். நமக்குள்ளேயே இவ்வளவு பேதம் இருக்கும்போது பன்றியின் பாஷை நமக்குப் புரியாததில் வியப்பில்லை.

இப்போதுதான் அந்தப் பாஷையில் இரண்டு வார்த்தை பேச முயல்கிறோம். வயலோரத்தில் தலைமயிரைத் தூவுவதும், ஊர்ப்பன்றியின் சாணத்தைக் கரைத்துத் தெளிப்பதும் அப்படிப்பட்ட முயற்சிகளே. "இது வேறொரு கூட்டத்தின் இடம்" என்று பன்றி எண்ணி ஒதுங்கும் என்பது சாணத்தின் தத்துவம். ஒரு மழை பெய்தால் வாசனை கரைந்துவிடும். மறுபடியும் எழுத வேண்டும். ஆயினும் இதனால் யார் உயிருக்கும் ஆபத்தில்லை. பன்றிக்கென்று வைக்கும் அவுட்டுக்காயையும் திருட்டு மின்வேலியையும் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா? அவை யானையைக் கொன்றிருக்கின்றன, மனிதரையும் கொன்றிருக்கின்றன.

அரசாங்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. முண்டந்துறை சரணாலயம் 1962-இல் ஏற்பட்டது, களக்காடு 1976-இல். இரண்டும் 1988-இல் புலிகள் காப்பகமாயின. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்று 2025-இல் தமிழக அரசு அறிவித்தது. ஒரே இரவில் வாழையைக் கிழங்கோடு பறிகொடுத்துக் கடன்காரனுக்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்பவரிடம், அது கொடுமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கிலோமீட்டர் கல்லைப் பன்றி படிக்காது. அதற்குப் படிக்கத் தெரிந்த எழுத்தில் நம் வேலியை எழுதக் கற்றுக்கொண்டால், தோட்டாவின் வேலை கொஞ்சமாவது குறையும்.