இயற்கைக் கொல்லி செல்களும் ‘நினைவு’ என்னும் சொல்லும்

1975ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரோல்ஃப் கீஸ்லிங், ஈவா கிளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோர் எலிகளின் மண்ணீரலில் ஒரு விந்தையான செல்வகையைக் கண்டனர். முன் அறிமுகம் ஏதுமின்றியே அவை இரத்தப் புற்றுச் செல்களைக் கொன்றன. அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மன் குழுவினரும் அதே ஆண்டில் இதனை அறிவித்தனர். சோதனைப் பிழை என்று ஐயுற்றவர்கள் இருந்தனர். ஐயம் நீங்கியபின், ‘இயற்கைக் கொல்லி’ என்ற பெயரே வரையறையாக நிலைத்துவிட்டது. கற்காமலே கொல்வது, ஆகவே எதனையும் நினைவில் கொள்ளாதது. நினைவு என்பது டி, பி செல்களின் தனியுடைமை எனப் பாடநூல்கள் எழுதின.

2004இல் பார்சிலோனாவில் மிகெல் லோபஸ்-போதெட் குழுவினர் நலமான மனிதர்களின் இரத்தத்தை ஆராய்ந்தனர். சைட்டோமெகாலோ வைரஸ் உலகில் பெரும்பாலோரின் உடலில் ஓசையின்றி வாழ்நாள் முழுதும் தங்குவது. அது தொற்றியிருந்தவர்களிடம் என்கேஜி2சி என்னும் ஏற்பியைத் தாங்கிய கொல்லி செல்கள் மிகுந்திருந்தன. கட்டுரையின் தலைப்பு அதனை வைரஸ் பதித்த ‘தடம்’ என்றது, ‘நினைவு’ என்னவில்லை.

அச்சொல்லை எலிகளே பெற்றுத்தந்தன. டி, பி செல்கள் அறவே அற்ற எலிகளின் தோலில் ஒவ்வாமை வேதிப்பொருளைத் தடவினால், வாரங்கள் கழிந்தும் அவை அதனை அடையாளம் கண்டு வீங்கின என்று 2006இல் ஹார்வர்டின் உல்ரிக் வான் ஆண்ட்ரியான் குழு காட்டியது. எலியின் சைட்டோமெகாலோ வைரஸை இனங்காணும் கொல்லி செல்கள் பெருகி, பின் குறைந்து, எஞ்சியவை மாதக்கணக்கில் வாழ்ந்து மறுமுறை வலுவுடன் எதிர்வினை புரிகின்றன என 2009இல் ஜோசப் சன்னும் லூயி லேனியரும் நிறுவினர். அதன்பிறகே பார்சிலோனாத் தடம் புதிய கண்ணோடு வாசிக்கப்பட்டது.

எனினும் அந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் எனல் தகாது. சைட்டோமெகாலோ வைரஸ் உடலைவிட்டு நீங்குவதே இல்லை. நீங்காத பகைவனுக்கு எதிராகப் படை நிற்பதை நினைவு என்பதா, ஓயாத போர் என்பதா? எலியிடமிருந்து செல்களை எடுத்து வேறோர் எலிக்கு மாற்றி விடை காணலாம். மனிதரிடம் அது இயலாது. மனித ஆராய்ச்சி நோயாளிகளின் துயரத்திலிருந்தே சான்று தேட வேண்டியிருந்தது. டி செல்களின்றிப் பிறந்து இவ்வைரஸால் தாக்குண்ட ஒரு குழந்தையின் உடலில் கொல்லி செல்கள் பெருகித் தொற்றைத் தணித்ததை 2008இல் நெதர்லாந்து மருத்துவர்கள் பதிவுசெய்தனர்.

2011இல் ஸ்வீடனிலிருந்து இன்னும் நுட்பமான சான்று வந்தது. ஹண்டா வைரஸ் தாக்கிய நோயாளிகளிடம் என்கேஜி2சி செல்கள் பெருகின. நோய் தணிந்தபின்னும் இரு மாதங்களுக்கு மேல் குறையவில்லை. ஆனால் சைட்டோமெகாலோ வைரஸ் முன்பே தொற்றியிருந்தவர்களிடம் மட்டுமே இப்பெருக்கம் காணப்பட்டது. அச்செல்கள் நினைவில் கொண்டது எந்த வைரஸை? ஆய்வாளர் பலர் மனிதரின் இச்செல்களை இன்றும் ‘நினைவுச் செல்கள்’ என்னாது, ‘தகவமைந்த கொல்லி செல்கள்’ என்றே எழுதுகின்றனர்.