சூரியகாந்தி எண்ணெய்: ஒரே பெயரில் இரண்டு குணம்

எனது அயலில் தட்டை வடை சுட்டுக் கடைகளுக்குப் போடும் அக்கா ஒருவர் இருக்கிறார். யுத்தத்தில் கணவரை இழந்த பின் அவருக்கும் பிள்ளைகளுக்கும் அதுதான் வருமானம். அண்மையில் ஒரு கடை அவரது பொதிகளைத் திருப்பிவிட்டது. சிக்கு மணமாம்.

"ரெண்டு போத்தலும் சூரியகாந்தி எண்ணெய்தானே தம்பி? முந்தினது ஒண்டும் செய்யேல்ல. இதில சுட்டா தாச்சிக் கரையெல்லாம் பசை மாதிரிப் பிடிக்குது" என்றார்.

இரண்டு போத்தல்களையும் வாங்கிப் பார்த்தேன். பெயர் ஒன்று, எண்ணெய் வேறு.

சூரியகாந்தி எண்ணெயில் முக்கியமானவை ஒலிக், லினோலெயிக் என்ற இரு கொழுப்பமிலங்கள். லினோலெயிக் உடலுக்குத் தேவையானதுதான். ஆனால் காற்றோடு சேர்ந்து பழுதாவதில் அது ஒலிக்கைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வேகமானது. தாச்சியில் பிடிக்கும் பசையும் பெரும்பாலும் அதன் வேலைதான்.

வித்துக்குள் ஒலிக்கை லினோலெயிக்காக மாற்றுவது ஒரு நொதியம். குளிரில் அது சுறுசுறுப்பாக இயங்கும், வெப்பத்தில் சோர்ந்துவிடும். எனவே பூத்த பின் வித்து முற்றும் வாரங்களில், குறிப்பாக இரவில், எவ்வளவு வெப்பம் இருந்தது என்பதே சாதாரண இனங்களின் எண்ணெயைத் தீர்மானிக்கிறது. ஆர்ஜென்டீனாவின் சூடான வடபகுதியில் விளைவதில் ஒலிக் கூட, குளிர்ந்த தென்பகுதியில் லினோலெயிக் கூட. அதற்காக வெப்பம் நல்லதென்று சொல்லிவிட முடியாது. வித்து அவசரமாக முற்றி, எண்ணெயின் அளவு குறைந்துவிடும். வறட்சியும் அப்படித்தான். நைதரசன் உரத்தை அள்ளிப் போட்டால் புரதம் கூடி எண்ணெய் வீதம் இறங்கும். ஈரம் காயாமல் குவித்த வித்து, பிழியும் முன்பே கெடத் தொடங்கிவிடும்.

காலநிலையின் இந்தப் பிடியைத் தளர்த்தியது ஓர் இனம். சோவியத் ஒன்றியத்தின் கிராஸ்னோடார் நகரில் சொல்டாட்டோவ் என்ற ஆய்வாளர் வித்துகளை இரசாயனத்துக்கு உட்படுத்தி, ஒலிக் மிகுந்த செடிகளைத் தெரிந்தெடுத்தார். 1976இல் அறிவிக்கப்பட்ட அந்த இனத்தின் பெயர் பெர்வெனெட்ஸ், தலைப்பிள்ளை என்று பொருள். அதில் அந்த நொதியம் வித்தில் ஏறக்குறைய முடங்கிவிடுகிறது. குளிரானாலும் வெப்பமானாலும் அந்த வழிவந்த இனங்களில் ஒலிக் பெரிதாக மாறாது. சாதாரண எண்ணெயில் ஒலிக் 14 முதல் 39 வீதம் வரை. 'உயர் ஒலிக்' என்று விற்க 75 வீதமாவது வேண்டும்.

2022இல் உக்ரைன் யுத்தம் தொடங்கியபோது, சூரியகாந்தி எண்ணெயை அதிகம் ஏற்றுமதி செய்த நாடே முடங்கியது. வாங்கியவர்கள் வேறு நாடுகளைத் தேடி ஓடினார்கள். விளைந்த இடம் மாறினால் போத்தலின் முகப்பு மாறாது, உள்ளே இருப்பது மாறலாம்.

லேபிளின் பின்புறத்தில் 'மொனோ', 'பொலி' என்று தொடங்கும் இரு கொழுப்பு வரிகளைப் பாருங்கள். 'பொலி' 60 அளவில் இருந்தால் சாதாரண எண்ணெய். கறிக்கும் தாளிப்புக்கும் போதும். 'மொனோ' 80ஐ ஒட்டியிருந்தால் உயர் ஒலிக். சுட்டு, நாட்கணக்கில் வைத்து விற்பவர்களுக்கு அதுதான் தோது.

அக்காவிடம் சொன்னேன். "விலை கூடத்தானே" என்றார். இப்போது நீண்ட நாள் கடையில் நிற்கும் பொதிகளுக்கு மட்டும் அதை வாங்குகிறார். பழைய எண்ணெயில் புதியதை ஊற்றிச் சேர்ப்பதையும் நிறுத்திவிட்டார்.