கொக்கலை வாவியிலிருந்து பேர்த்துக்கு

வெள்ளவத்தையில் விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அவுஸ்திரேலியாவின் பேர்த்தில் இருக்கும் பிள்ளைகளிடம் போகிற அம்மாமார் விலையைக் கேட்க முதல் கேட்பது, "தம்பி, எத்தனை மணித்தியாலம்?" சிங்கப்பூரில் நாலு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும் என்றால் முகம் சுருங்கிவிடும். பேர்த்துக்கும் எங்களுக்கும் நடுவிலுள்ள இதே கடலை, இடையில் எங்கும் இறங்காமல், ஒரு பகலும் ஓர் இரவும் தாண்டிப் பறந்து கடந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் வந்து இறங்கியதும் புறப்பட்டதும் காலிக்கு அப்பாலுள்ள கொக்கலை வாவியில்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அதோடு லண்டனுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இருந்த ஆகாய வழி அறுந்தது. மிச்சம் இருந்தது இந்து சமுத்திரம் மட்டும். கொக்கலையில் ஏற்கெனவே பிரித்தானிய விமானப்படை தளம் போட்டிருந்தது. அந்த ஏப்ரலில் ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டு சொன்ன கனேடிய விமானி பேர்ச்சால் கிளம்பியதும் இந்த வாவியிலிருந்துதான்.

1943 நடுப்பகுதியில் அவுஸ்திரேலிய விமானக் கம்பனியான குவாண்டாஸ் அங்கே கட்டலினா என்ற கடல்விமானங்களை ஓட்டத் தொடங்கியது. பேர்த்தில் சுவான் நதியில் ஏறி, கொக்கலையில் இறங்க வேண்டும். தூரம் சுமார் 5,650 கிலோமீற்றர். வேகம் மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீற்றர்தான். கணக்கைப் போட்டுப் பாருங்கள், 28 மணித்தியாலம் வரும். எதிர்க்காற்று பிடித்தால் இன்னும் கூடும்; மிக நீண்ட பயணம் 32 மணித்தியாலம் 9 நிமிடம்.

அவ்வளவு நேரம் பறக்க எண்ணெய் வேண்டும், எண்ணெய்க்குப் பாரம் குறைய வேண்டும். தேவையில்லாததையெல்லாம் கழற்றிவிட்டு மேலதிகத் தாங்கிகளை வைத்தார்கள். மிஞ்சியது மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும் இடம். இன்று ஒரு குடும்பம் கட்டும் சூட்கேஸ்களே அந்த எடையைத் தொட்டுவிடும்! ஏறிய முதல் சில மணித்தியாலங்களில் ஒரு எஞ்சின் நின்றால், மற்றதால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியாது.

ஜப்பானியர் நடமாடும் பகுதியை இருட்டில் கடக்கும்படி புறப்படும் நேரத்தை வைத்தார்கள். ரேடியோவில் வாய் திறக்கக் கூடாது. நட்சத்திரங்களைப் பார்த்தே திசை பிடித்தார்கள். ஐந்து விமானங்களுக்கும் அல்டேர், வேகா, ரைஜெல், அன்டாரஸ், ஸ்பைக்கா என்று நட்சத்திரப் பெயர்களையே வைத்தது பொருத்தம்தான். ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு தரம் உதிப்பதைக் கண்டவர்களுக்கு 'இரட்டைச் சூரியோதய இரகசிய சங்கம்' என்று ஒரு சான்றிதழும் கிடைத்தது. எங்களுடைய மைலேஜ் கார்டை விட அது எவ்வளவோ மேல்.

1944இல் லிபரேட்டர் விமானங்களும் இந்தச் சமுத்திரத்தைக் கடக்க வந்தன. அவை இரத்மலானையில் இறங்கின, நேரமும் வெகுவாகக் குறைந்தது. கட்டலினாக்கள் 1945 ஜூலையில் நின்றன. அதுவரை 271 தடவை கடந்திருந்தன. அமெரிக்கா போர்க்கால ஏற்பாட்டில் கொடுத்தவை என்பதால், சண்டை முடிந்ததும் அவற்றைக் கடலில் மூழ்கடித்தார்கள். ஒன்றையாவது நூதனசாலைக்கு விட்டிருக்கலாம்.

2018இல் பேர்த்திலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் வந்தது: ஏறக்குறைய 14,500 கிலோமீற்றர், 17 மணித்தியாலம். சிட்னியிலிருந்து லண்டனுக்கு ஒரே மூச்சில் பறக்கப் போடும் திட்டத்துக்கு, அந்தக் கட்டலினாக்களை நினைத்தே 'சன்ரைஸ்' என்று பெயர் வைத்திருக்கிறது குவாண்டாஸ். காலியிலிருந்து மாத்தறைப் பக்கம் போகிறவர்கள் கொக்கலையில் கொஞ்சம் நிறுத்தி அந்த வாவியையும் பார்த்துவிட்டுப் போங்கள்.