குஜராத் சுற்றுச்சூழல் தணிக்கைச் சோதனை (2009–2011)

ஒரகடம் அருகே வடக்குப்பட்டுப் பகுதியில் இயங்கும் ஆலையானாலும், சூரத் நகரின் சாய ஆலையானாலும், அதன் புகைபோக்கியைக் கட்டுப்படுத்துவது 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டமே. சட்டத்தை நிறைவேற்றுவது அந்தந்த மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பு. ஆலைகளோ ஏராளம், ஆய்வாளர்கள் சிலர். எனவே புகையை அளப்பவர் யார், அவருக்குக் கட்டணம் தருபவர் யார் என்பது முக்கியமாகிறது. இதற்குத் தெளிவான விடை குஜராத்தில் கிடைத்தது.

குஜராத் உயர் நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டு உத்தரவின்படி, மாசு அதிகம் உண்டாக்கக்கூடிய ஆலைகள் ஆண்டுதோறும் வெளித் தணிக்கையாளரின் அறிக்கையை வாரியத்திடம் அளிக்க வேண்டும். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் தணிக்கையாளரைத் தேர்ந்தெடுத்துக் கட்டணம் தந்தது ஆலையே. தேர்வு எழுதும் மாணவனே விடைத்தாள் திருத்துபவரை அமர்த்திக்கொள்வது போன்றது இது. உண்மையை எழுதிய தணிக்கையாளருக்கு மறு ஆண்டு வேலை கிடைக்காது.

எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் ஆகிய பொருளியல் அறிஞர்கள் வாரியத்துடன் சேர்ந்து 2009 முதல் 2011 வரை அகமதாபாத், சூரத் பகுதிகளின் 473 ஆலைகளில் ஒரு சோதனை நடத்தினர். ஏறத்தாழ பாதி ஆலைகள் பழைய முறையிலேயே விடப்பட்டன. மற்றவற்றுக்குத் தணிக்கையாளர் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டார். கட்டணம் பொது நிதியிலிருந்து வந்தது. அவர் எடுத்த அளவுகளில் ஒரு பகுதி வேறொரு குழுவால் மீண்டும் அளக்கப்பட்டது. இரண்டாம் ஆண்டில், சரியாக அளந்தவருக்குக் கூடுதல் தொகையும் கிடைத்தது.

துகள் மாசுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு ஒரு கன மீட்டருக்கு 150 மில்லிகிராம். பழைய முறை அறிக்கைகளில் பெரும்பாலான அளவுகள் அந்த வரம்புக்குச் சற்றுக் கீழேயே குவிந்து கிடந்தன. அவற்றின்படி வரம்பு மீறியவை 7 விழுக்காடு. மறு அளவீட்டிலோ 59 விழுக்காடு! புதிய முறையில் பொய் அறிக்கை 80 விழுக்காடு குறைந்தது. ஆலைகளும் மாசைக் குறைத்தன. மிக அதிகமாகப் புகை விட்டவையே அதிகம் குறைத்தன. வாரியம் ஆலையை மூடலாம், மின் இணைப்பைத் துண்டிக்கலாம் என்பதால், உண்மை அளவு அதிகாரியின் மேசைக்குப் போகும் என்ற அச்சமே வேலை செய்தது.

அதே காலத்தில் வாரிய அதிகாரிகளின் நேரடி ஆய்வுகளை அதிகரித்தும் பார்த்தனர். அதனால் சராசரி மாசு பெரிதாகக் குறையவில்லை.

2015இல் குஜராத் வாரியம் தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கும் புதிய விதிகளை வெளியிட்டது.