ஷோர்ஹாம் அணுமின் நிலையமும் மக்கள் கேட்ட கேள்வியும்

அணுசக்தியின் வரலாறு பெரும்பாலும் பௌதிகவியலாளரின் வரலாறாகவோ பெருவிபத்துகளின் வரலாறாகவோதான் எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு நாளேனும் முழு ஆற்றலுடன் இயங்காத, ஒருவரையும் கொல்லாத நிலையமொன்றுக்கு அவ்வரலாற்றில் இடம் கிடைப்பது அரிது. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், லோங் ஐலண்ட் என்னும் தீவின் வடகரையில் எழுந்த ஷோர்ஹாம் நிலையம் அத்தகையது. ஆயினும், ஆபத்து நேர்ந்தால் மக்கள் எவ்வழியே வெளியேறுவர், அத்தகைய வழி உண்டா இல்லையா என்று தீர்ப்பளிக்கும் உரிமை யாருக்குரியது என்ற கேள்வி அங்கு எழுந்த அளவு கூர்மையாக வேறிடங்களில் எழுந்ததில்லை என்றே கூறவேண்டும்.

அந்நிலையத்தைக் கட்ட முனைந்தது லில்கோ எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட தனியார் மின்சாரக் கம்பனி. 1960களின் நடுப்பகுதியில் அது தன் திட்டத்தை அறிவித்தபோது மதிப்பிடப்பட்ட செலவு ஏறக்குறைய 7 கோடி டொலர். 1973இல் அணுசக்தி ஆணைக்குழு கட்டுமான அனுமதியை வழங்கிற்று. அணுசக்தியைப் பரப்புவதும் அதனைக் கண்காணிப்பதும் அக்காலத்தில் ஒரே ஆணைக்குழுவின் பணிகளாய் இருந்தன. விற்பவன் கையிலேயே தராசும் இருந்தது. 1975இல்தான் கண்காணிக்கும் பணி தனி ஆணைக்குழுவொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. அனுமதி வழங்கும் முறையோ இரண்டு படிகளைக் கொண்டது: முதலில் கட்டுவதற்கு அனுமதி, கட்டி முடித்தபின் இயக்குவதற்கு உரிமம். உருக்கு, கொங்கிறீற், நீர்க்குழாய் ஆகியன பற்றி முதற்படியில் நீண்ட விசாரணைகள் நடந்தன. நிலையத்தை அடுத்த சிறு வட்டத்துக்கு அப்பால் வாழும் மக்களைப் பற்றி அங்கு எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. கோடிக்கணக்கில் பணம் கொட்டப்பட்ட பின்னரே அவர்களின் முறை வந்தது.

அதனை வரவழைத்தது 1979 மார்ச் 28ஆம் நாள் பென்சில்வேனியாவில் திரீ மைல் ஐலண்ட் நிலையத்தில் நிகழ்ந்த விபத்து. இரண்டு நாட்களின் பின், ஐந்து மைல் எல்லைக்குள் வாழும் கர்ப்பிணிகளும் பள்ளி செல்லா வயதுக் குழந்தைகளும் வெளியேறுவது நன்று என மாநில ஆளுநர் அறிவுறுத்தினார். அவ்வறிவுரைக்கு உட்பட்டோர் சில ஆயிரவர். வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டோரோ ஏறக்குறைய 1,44,000 பேர். இதனை மக்களின் பீதி என இகழ்ந்த நிபுணர் உண்டு. கம்பனி ஒன்று சொல்ல, அதிகாரிகள் வேறொன்று சொல்ல, எவரை நம்புவது என்று தெரியாத நிலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய தாயின் செயலில் அறியாமை எதுவும் இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

அதே ஆண்டு ஜூன் மாதம் ஷோர்ஹாம் வாயிலில் ஏறக்குறைய 15,000 பேர் திரண்டனர். வேலியைத் தாண்டிச் சென்ற சுமார் 600 பேர் கைது செய்யப்பட்டனர். கட்டிடத் தொழிலாளர் சங்கங்கள் நிலையத்தையே ஆதரித்தன என்பதையும் மறைத்தலாகாது. அவர்களுக்கு அது சோற்றுப் பிரச்சினை.

1980இல் புதிய விதி பிறந்தது. நிலையத்தைச் சுற்றிப் பத்து மைல் தூரத்துக்கு அவசரகாலத் திட்டம் இருத்தல் வேண்டும். அது நடைமுறையில் இயங்கும் என்ற நியாயமான உறுதி இன்றேல் இயக்க உரிமம் கிடையாது. அத்தகைய திட்டத்தில் மாநில அரசும் உள்ளூராட்சியும் பங்குகொள்ளும் என்பதும் எதிர்பார்க்கப்பட்டது. அவை மறுத்தால் என்ன செய்வது என்று விதியை எழுதியோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

லோங் ஐலண்ட் ஏறக்குறைய 190 கிலோமீற்றர் நீளமான, ஒடுங்கிய தீவு. அதன் மேற்கு முனையில் நியூயோர்க் மாநகரம். கிழக்கு முனை மீன்வால்போல் இரண்டாகப் பிரிந்து கடலுள் நீள்கிறது. ஷோர்ஹாமுக்குக் கிழக்கே வாழ்வோர் தரைவழியாகத் தீவை விட்டு நீங்குவதாயின் மேற்கு நோக்கியே செல்லல் வேண்டும். அதாவது எந்த நிலையத்துக்கு அஞ்சி ஓடுகின்றனரோ அதனை நெருங்கிக் கடந்தே செல்லல் வேண்டும். சாதாரண வேலைநாளின் காலையிலேயே அடைபட்டு நிற்கும் நெடுஞ்சாலைகள் அவை. கோடையில் உல்லாசப் பயணிகளும் வந்து சேர்வர். இவற்றை அறிவதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. அங்கு பஸ் ஓட்டுபவர் அனைவருக்கும் தெரிந்த செய்தி. ஆராய்ந்து பார்த்தபின், 1983 பெப்ரவரி 17ஆம் நாள் சஃபோக் மாவட்டச் சபை, பாதுகாப்பான வெளியேற்றம் இயலாது, ஆகவே திட்டம் எதனையும் ஏற்பதில்லை என 15க்கு 1 என்ற வாக்குகளால் தீர்மானித்தது. இது புரட்சிக்காரரின் சபையன்று. மாவட்ட நிருவாகத் தலைவர் குடியரசுக் கட்சிக்காரர். வீட்டு விலை வீழ்ந்துவிடும் என்ற கவலையும் சிலருக்கு இருந்திருக்கலாம். மாநில ஆளுநர் மரியோ குவோமோவும் மாவட்டத்தின் பக்கம் நின்றார்.

கம்பனி பின்வாங்கவில்லை. தன் சொந்த ஊழியரைக் கொண்டே ஓர் அவசரகாலப் படையை அமைத்தது. மின்மானி வாசிப்போரும் கம்பி இழுப்போரும் பொலிசாரின் இடத்தில் நின்று வாகனங்களை வழிநடத்துவராம்! 1984 கோடையில் அத்தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, படை எங்கே என்ற கேள்வி தானே எழுந்தது. பிள்ளைகளைப் பாடசாலை பஸ் சாரதிகள் ஏற்றிச் செல்வர், ஆசிரியர் உடன் இருப்பர் என்றும் திட்டம் கூறியது. அச்சாரதிக்கும் அவ்வாசிரியைக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு; அவர்கள் முதலில் எப்பக்கம் திரும்புவர் என்று சமூகவியலாளர் விசாரணையில் எடுத்துரைத்தனர். ஆசிரியராகிய நம் வாசகர் தம் நெஞ்சையே கேட்டுப் பார்க்கலாம். வீதிப் போக்குவரத்தை ஆளும் சட்ட அதிகாரம் தனியார் கம்பனிக்கு இல்லை என 1985இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் குளோரியா என்ற சூறாவளி தீவைத் தாக்கியபோது, பல இலட்சம் வீடுகள் இருளில் மூழ்கின. சிலவற்றுக்கு ஒரு வாரத்துக்கு மேலாகியும் வெளிச்சம் திரும்பவில்லை. அறுந்த கம்பியைக் கட்ட இயலாதவர்களா எம்மை வெளியேற்றுவர் என மக்கள் கேட்டனர்.

1986 பெப்ரவரியில் ஒத்திகை நடந்தது. மாநிலமும் மாவட்டமும் சேராமல் மக்களின் பாதுகாப்புக்கு உறுதி கூற இயலாது என்ற வாசகத்தை அறிக்கையிலிருந்து நீக்க மறுத்து, மத்திய அவசரகால நிருவாகத்தின் பிராந்தியத் தலைவர் பதவி விலகினார். சில நாட்களில் செர்னோபில் வெடித்தது. அடுத்த நாள் பிரிப்பியாற் நகரின் ஏறக்குறைய 49,000 மக்களை வெளியேற்ற ஆயிரத்துக்கு மேற்பட்ட பஸ்கள் தேவைப்பட்டன. பின்னர் முப்பது கிலோமீற்றர் வட்டமே காலியாயிற்று. பத்து மைல் என்பது பதினாறு கிலோமீற்றர்.

ஆணைக்குழு என்ன செய்தது? 1987இல் விதியை மாற்றிற்று. உள்ளூராட்சி ஒத்துழைக்க மறுப்பினும், உண்மையான ஆபத்தின்போது அது தன்னால் இயன்றதைச் செய்யும் எனக் கொண்டு, கம்பனியின் திட்டத்தையே மதிப்பிடலாம் என்றது. மக்கள் பிரதிநிதிகள் எதனைச் செய்ய இயலாது என்றனரோ அதனைச் செய்வர் என்ற ஊகம் உரிமத்துக்கு அத்திவாரமாயிற்று. 1988 நவம்பரில் ஜனாதிபதி ரேகனும், இத்தகைய இடங்களில் மத்திய அரசே திட்டமிடலாம் எனக் கட்டளை பிறப்பித்தார்.

அதற்குள் செலவு 550 கோடி டொலர் அளவுக்கு ஏறிவிட்டிருந்தது. 1989 பெப்ரவரியில் ஆளுநரும் கம்பனியும் உடன்பாட்டுக்கு வந்தனர்: நிலையத்தை ஒரு டொலருக்கு மாநிலத்தின் பொது அமைப்பொன்றுக்கு விற்று மூடுவது. அதன் பின்னரே, அவ்வாண்டு ஏப்ரலில், மூடப்படவிருந்த நிலையத்துக்கு ஆணைக்குழு முழு இயக்க உரிமம் வழங்கிற்று. உடன்பாட்டின் மறுபக்கம் மின்கட்டண உயர்வு. பங்குதாரர் காப்பாற்றப்பட்டனர்; ஓர் அலகு மின்சாரத்தையும் விற்பனைக்குத் தராத நிலையத்தின் கடனை, அதனை வேண்டாமென்ற தீவுவாசிகளே பல்லாண்டுகள் தம் கட்டணச் சீட்டுகளில் செலுத்தினர். சிறிதளவே எரிந்த எரிபொருள் தோணிகளில் ஏற்றப்பட்டுப் பென்சில்வேனியாவின் லிமரிக் நிலையத்துக்குச் சென்றது. 1994இல் ஷோர்ஹாமின் உலை முற்றாகக் கழற்றப்பட்டது. 1987இல் மாற்றப்பட்ட விதி மட்டும் இன்றும் அமெரிக்கச் சட்ட ஏட்டில் இருந்து வருகிறது.