ஏடு பாட்டான பட்டணம்

காவேரி இரு கிளையாகப் பிரிந்து மறுபடியும் கூடுமிடத்தில் அரங்கநாதன் பள்ளிகொண்டிருக்கும் மூன்று தீவுகளுள் முதலாவதாகிய ஆதிரங்கம், மைசூருக்கு அருகிலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணம் ஆகும். ராஜ உடையார் 1610-ஆம் ஆண்டில் அதைக் கைக்கொண்டு தலைநகராக்கியது முதல், 1799-இல் திப்பு சுல்தான் கோட்டை வாயிலருகே மடிந்தது வரையில், அவ்வூரின் சரித்திரத்தை யுத்தங்களின் சரித்திரமாகவே நாம் வாசித்து வந்திருக்கிறோம். இடிந்த மதிலையும் திப்புவின் கல்லறையையும் பார்க்க வருகிற யாத்திரிகர்களுள், அதே கோட்டைக்குள் ஒரு காலத்தில் பழைய ஏடுகளெல்லாம் பாட்டாக உருமாறின என்பதை நினைக்கிறவர்கள் மிகச் சிலரே. அந்த மறதி எனக்கு வருத்தம் தருகிறது. ஏனெனில் அந்தப் பாட்டுகளின் பூர்வீகத்தில் தமிழுக்கும் பாத்தியதை உண்டு.

பழைய நூலை எடுத்து, உறவினரைக் கூட்டிவைத்து, பலர் சேர்ந்து இசையாக்கும் வழக்கத்துக்கு வைணவர்களின் குருபரம்பரை ஆதியிலேயே ஓர் உதாரணம் காட்டுகிறது. மறைந்து கிடந்த ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரங்களை மீட்ட நாதமுனிகள், வீரநாராயணபுரத்தில், அதாவது இன்றைய காட்டுமன்னார்கோயிலில், தம் சகோதரியின் புதல்வர்களாகிய கீழையகத்தாழ்வானையும் மேலையகத்தாழ்வானையும் அருகிருத்தி அப்பாசுரங்களுக்குப் பண்ணும் தாளமும் அமைத்தார் என்று அது கூறும். அவ்விருவர் வழியே வந்ததாகச் சொல்லப்படும், பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும் அரையர் சேவை திருவரங்கத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆழ்வார்திருநகரியிலும் நிலைத்ததோடு, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வடக்கே, ராமாநுஜர் வாழ்ந்த மேல்கோட்டையிலும் வேரூன்றியது. ஆழ்வார்களின் தமிழைக் கன்னட தேசத்தார் காதால் கேட்டுப் பழகியது இவ்வாறுதான்.

இந்தச் சம்பிரதாயத்தில் பிறந்து வளர்ந்தவர் திருமலார்யர். 1673 முதல் 1704 வரை அரசாண்ட சிக்கதேவராஜ உடையாருக்கு அவர் இளமைத் தோழர். முதல் மந்திரியாக இருந்த சமண பண்டிதர் விசாலாக்ஷர் கொலையுண்டபின் மந்திரிப் பதவியையும் ஏற்றவர். வரி வாங்குவதில் கடுமையும் யுத்தத்தில் தீவிரமும் காட்டிய சிக்கதேவராஜர், வித்வான்களிடத்தில் மட்டும் வேறொரு மனிதராக விளங்கினார். அவருடைய ஆதரவில் சிக்குபாத்தியாயர் ஆழ்வார்களின் சரித்திரத்தை 'திவ்யசூரி சரிதே' என்று கன்னடத்தில் எழுதினார். திருமலார்யரின் தம்பி சிங்கரார்யர், ஹர்ஷனுடைய 'ரத்னாவளி'யைத் தழுவி 'மித்ரவிந்தா கோவிந்தம்' என்னும் நாடகத்தை இயற்றினார். கன்னடத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நாடகம் அதுவே.

எனினும், என் உள்ளத்தை அதிகமாகக் கவர்வது 'கீதகோபாலம்'. ஜயதேவருடைய கீதகோவிந்தத்தை முன்மாதிரியாகக் கொண்டு, அங்கே அஷ்டபதி நின்ற இடத்தில் இங்கே ஏழேழு சரணமுடைய சப்தபதிகளை நிறுத்தி, விசிஷ்டாத்வைதத்தின் சாரமாகிய சரணாகதியைப் பாடுகிறவன் நாவிலும் கேட்கிறவன் செவியிலும் பதியும்படி அமைத்த கன்னட நூல் அது. மேல்கோட்டை நாராயணனிடம் அரசர் செய்துகொள்ளும் முப்பது விண்ணப்பங்களாக 'சிக்கதேவராஜ பின்னபம்' உரைநடையில் விளக்கிய தத்துவத்தையே இது கீதமாக்கித் தருகிறது. இரண்டும் அரசர் பெயரால் வழங்குகின்றன. இரண்டையும் எழுதிய கை திருமலார்யருடையதென்று பண்டிதர் பலர் கருதுகின்றனர். ஒரு நூலுக்கு ஒரே கர்த்தாவைத் தேடும் நம் காலத்துப் பழக்கத்தை அங்கே கொண்டுபோய்ப் பொருத்துவது உசிதமன்று என்பது என் அபிப்பிராயம். விரும்பிக் கேட்டவனும் இயற்றினவனும் இசைகூட்டிப் பாடினவர்களும் சேர்ந்து உண்டாக்கியதை, எவர் பெயரால் வழங்கினும், கூட்டுக் கிருதியென்றே கொள்ளலாம்.

அந்தக் கூட்டத்தில் பெண்களும் இருந்தார்கள். எளந்தூரைச் சேர்ந்த ஹொன்னம்மா, பட்டத்தரசி தேவாஜம்மணியின் அந்தப்புரத்தில் சஞ்சி என்னும் வெற்றிலைப் பை சுமக்கும் ஊழியத்தில் இருந்தவள். அதனால் சஞ்சி ஹொன்னம்மா என்றே பெயர் பெற்றாள். அரண்மனைப் பண்டிதராகிய அளசிங்கரார்யரிடம் அவள் பாடம் கேட்டாள். தர்ம சாஸ்திரங்களிலும் இதிகாச புராணங்களிலும் சிதறிக்கிடந்த இல்லற தர்மத்தைத் திரட்டி, நான்கடிச் செய்யுளாகப் பாடுவதற்கென்றே அமைந்த சாங்கத்திய யாப்பில் 'ஹதிபதெய தர்மம்' என்ற நூலாக்கினாள். அதிலுள்ள பதிவிரதா லக்ஷணம் முழுவதையும் இக்காலத்துப் பெண்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், ஒப்புக்கொள்ளவும் வேண்டியதில்லை. ஆனால் பெண்ணின் வயிற்றில் பிறந்து பெண்ணால் வளர்க்கப்பட்டவர்களே பெண் என்று இகழ்வதென்ன நியாயம் என்று அவள் எழுப்பிய வினாவைக் கன்னட நாடு இன்றும் மேற்கோளாக எடுத்தாள்கிறது. அரசிக்குத் தாம்பூலம் எடுத்துக்கொடுக்கும் அரண்மனையின் பணிப்பெண்ணொருத்தி, சம்ஸ்கிருத பண்டிதர்களின் உடைமையாயிருந்த சாஸ்திரத்தை வீட்டுப் பெண்கள் கூடிப் பாடக்கூடிய பாட்டாக்கினாள் என்பதைக் காட்டிலும் அந்த அரசவைக்குப் பெருமை தரும் வெற்றி வேறொன்று உண்டென்று நான் எண்ணவில்லை.

சிக்கதேவராஜருடைய பேரன் கிருஷ்ணராஜ உடையார் 1714 முதல் 1732 வரை ஆண்டார். அவருடைய ராணியருள் ஒருத்தியாகிய செலுவாம்பை, புகுந்த குலத்தின் பக்திச் செல்வத்தை மீண்டும் பாட்டாக்கினாள். டில்லி சுல்தானின் அரண்மனையிலிருந்து ராமாநுஜர் மீட்டுவந்த, மேல்கோட்டையின் உற்சவ மூர்த்தியாகிய செல்வப்பிள்ளையின் பிரிவைத் தாங்காமல் பின்தொடர்ந்து மேல்கோட்டைக்கே வந்துசேர்ந்த சுல்தானின் மகளை, துலுக்க நாச்சியார் என்று நாம் பக்தியோடு குறிப்பிடுகிறோம். குருபரம்பரைக் கதைகளில் வழிவழியாக வந்த அந்த வரலாற்றைச் செலுவாம்பை 'வரநந்தி கல்யாணம்' என்று சாங்கத்தியத்தில் பாடினாள். அதே செல்வப்பிள்ளையைக் குழந்தையாகப் பாவித்துத் தாலாட்டுப் பதங்களும் செய்தாள். பெரியாழ்வார் கண்ணனுக்குப் பாடிய தாலாட்டைக் கேட்டு வளர்ந்த எந்தத் தமிழ் வைணவரும், மொழி வேறாயினும், அவளுடைய பதங்களைத் தம் வீட்டுப் பாட்டாகவே கொள்வர்.